பாஞ்சோ பார்ன்ஸின் மதுக்கூடம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து வடக்கே சென்று மலைத்தொடரைக் கடந்தால் மொஹாவி பாலைவனம் தொடங்குகிறது. அங்குள்ள எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தின் எல்லைக்குள், புதர்களுக்கிடையே, ஒரு கணப்பின் எச்சமும் நீர் வற்றிய நீச்சல் குளம் ஒன்றும் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே ஒரு மதுக்கூடம் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு பெண். அவரை அங்கிருந்து வெளியேற்ற அமெரிக்க அரசு சொன்ன காரணம், ஓடுபாதையை நீட்டிக்க அந்த நிலம் வேண்டும் என்பது. அவர் வெளியேறி 70 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் கணப்பின் மீதும் குளத்தின் மீதும் ஓடுபாதை வரவேயில்லை.

மதுக்கூடம் நடத்திய ஒருவரை நினைவுகூர்ந்து நாளிதழில் கட்டுரை எழுதுவது நம்மிடையே வழக்கமன்று. மதுக்கடை என்றதும் நம் மனக்கண்ணில் எழும் காட்சி வேறு. அந்தக் கசப்புக்குப் போதுமான நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பாஞ்சோ பார்ன்ஸின் வாழ்க்கையை அறிந்த நாள் முதல், ஊர் என்று சொல்லவே இயலாத ஓர் இடத்தை ஊராக்கியவர் அவர் என்ற எண்ணம் எனக்குள் நிலைத்துவிட்டது.

1983இல் வெளிவந்த 'தி ரைட் ஸ்டஃப்' திரைப்படத்தில்தான் நான் அவரை முதலில் கண்டேன். அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களைப் பற்றிய அப்படத்தின் தொடக்கத்தில் ஒரு பாலைவன மதுக்கூடம் வருகிறது. சுவர் முழுக்க விமானிகளின் படங்கள். அந்தச் சுவரில் இடம்பெற ஒருவன் செய்ய வேண்டியது இறப்பது மட்டுமே என்று படம் சொல்கிறது. முரட்டுப் பேச்சுக்காரியான ஒரு முதிய பெண்மணி அங்கே அமர்ந்திருக்கிறார். படத்தில் அவருக்குச் சில காட்சிகள்தாம். அவர் யாரென்று பிறகு தேடிப் படித்தபோது, திரையில் கண்டது அவர் வாழ்க்கையின் ஓரம் மட்டுமே என்பது புரிந்தது.

அவருடைய இயற்பெயர் ஃபுளோரன்ஸ் லோ. 1901 ஜூலை 22 அன்று பாசடீனாவில், செல்வம் கொழித்த குடும்பத்தில் பிறந்தார். தாத்தா தாடியஸ் லோ, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலப் படைக்காகப் பலூன் பிரிவை நிறுவி நடத்தியவர். எதிரிப் படையின் நடமாட்டத்தை வானிலிருந்து வேவு பார்த்தவர். பேத்திக்குப் பறத்தல் மீதான ஆசை அவரிடமிருந்தே வந்தது. 1910இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே நடந்த விமானக் காட்சிக்கு அவர்தாம் சிறுமியை அழைத்துச் சென்றார்.

மகளின் முரட்டுத்தனத்தை அடக்கத் திருமணமே வழி என்று வீட்டார் கருதினர். 1921இல், 19 வயதில், ரேங்கின் பார்ன்ஸ் என்ற திருச்சபைக் குருவுக்கு மனைவியானார். அதே ஆண்டில் ஒரு மகன் பிறந்தான். குருவின் இல்லத்தரசியாகத் தேநீர் விருந்துகளில் அமர்ந்திருக்கும் வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. தாயின் மறைவுக்குப் பின் பெருஞ்செல்வம் கைக்கு வந்ததும் கட்டுகள் தளர்ந்தன. 1920களின் பிற்பகுதியில் ஆண் வேடமிட்டு ஒரு சரக்குக் கப்பலில் ஏறி மெக்சிகோ சென்றுவிட்டார். உள்நாட்டுக் கலவரம் நிலவிய அந்நாட்டில் கப்பலை விட்டிறங்கி, ஒரு தோழருடன் சில மாதங்கள் நாடோடியாகத் திரிந்தார். டான் குயிக்ஸாட்டின் உதவியாளன் சாஞ்சோ பான்ஸாவை நினைத்துக்கொண்டு, பெயரைச் சற்றே மாற்றி, அந்தத் தோழர் சூட்டிய பட்டப்பெயர்தான் பாஞ்சோ. இறுதிவரை அவர் அந்தப் பெயரிலேயே வாழ்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணவரையும் சிறு பிள்ளையையும் விட்டுச் சென்ற பெண் இவர். இதே செயலை ஓர் ஆண் செய்திருந்தால் சாகசம் என்று எழுதியிருப்பார்கள் என்ற வாதம் உண்மைதான். எனினும் தாய் இல்லாத வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளையை அந்த வாதம் தேற்றியிருக்காது. பாஞ்சோவைக் கொண்டாடுபவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். மகன் பில், வளர்ந்தபின் தாயைத் தேடிப் பாலைவனத்துக்கு வந்தார் என்பதும், அவரைப் போலவே விமானியானார் என்பதும் எனக்குச் சிறிது ஆறுதல் தருகின்றன.

1928இல் உறவினர் ஒருவரை விமானப் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற பாஞ்சோ, தாமே கற்றுக்கொள்ளத் தொடங்கினார். ஆறு மணி நேர முறையான பயிற்சிக்குப் பிறகு தனியாகப் பறந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் அருளுரை ஆற்றும் தேவாலயத்தின் மீது தாழப் பறந்து இரைச்சலெழுப்புவது அவருடைய விளையாட்டுகளில் ஒன்று. 1929இல் சாண்டா மோனிகாவிலிருந்து கிளீவ்லாந்து வரை நடந்த பெண்களுக்கான முதல் நெடுந்தொலைவு விமானப் பந்தயத்தில் கலந்துகொண்டார். டெக்சாஸ் மாநிலத்தின் பெக்கோஸில் தரையிறங்கும்போது ஒரு வாகனத்தின் மீது மோதியதால் பந்தயம் அத்துடன் முடிந்தது. மறு ஆண்டே, 'மிஸ்டரி ஷிப்' என்றழைக்கப்பட்ட டிராவல் ஏர் விமானத்தில் மணிக்கு 196 மைல் வேகத்தைத் தாண்டி, அமெலியா இயர்ஹார்ட் வைத்திருந்த பெண்களுக்கான வேகச் சாதனையை முறியடித்தார். ஹாலிவுட் படங்களுக்காகச் சாகசப் பறத்தல்களும் செய்தார். ஹோவர்ட் ஹியூஸின் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' அவற்றுள் ஒன்று. படத்துக்காக உயிரைப் பணயம் வைத்த விமானிகளுக்கு நிலையான ஊதியமோ பாதுகாப்போ அப்போது இல்லை. பாஞ்சோ முன்னின்று அவர்களுக்கென ஒரு தொழிற்சங்கத்தை உருவாக்கினார். மாளிகையில் பிறந்து வளர்ந்தவர் கூலிப் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்த இந்த நிகழ்வு, வேகச் சாதனையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

செல்வம் நீடிக்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தம் ஒருபுறம், எவர் வந்தாலும் விருந்து வைக்கும் கைப்பழக்கம் மறுபுறம். 1935இல் அவரிடம் எஞ்சியது ஹாலிவுட்டில் இருந்த ஓர் அடுக்ககச் சொத்து மட்டுமே. அதையும் கைவிட்டு, மொஹாவி பாலைவனத்தில், ராஜர்ஸ் என்னும் வறண்ட ஏரியின் அருகே 180 ஏக்கர் நிலம் வாங்கினார். அந்தக் குடியேற்றத்தின் பெயர் மியூராக். அங்கே முதலில் குடியேறிய கோரம் குடும்பத்தின் பெயரை ஆங்கிலத்தில் தலைகீழாக எழுதினால் வருவது அது. சில வீடுகள், ஓர் இருப்புப்பாதை, வெயில், காற்று. ஊர் அவ்வளவே.

குதிரைமசால் பயிரிட்டார். மாடு வாங்கினார், பன்றி வளர்த்தார். ஏரிப்படுகையை ராணுவம் குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்தத் தொடங்கியிருந்த காலம் அது. பாலும் பன்றி இறைச்சியும் முகாமுக்கு விற்பனையாயின. முகாமின் சமையற்கூடக் கழிவு பாஞ்சோவின் பன்றிகளுக்குத் தீனியாயிற்று. படையினர் தட்டில் மிச்சம் வைத்தது சில மாதங்களில் அவர்கள் தட்டுக்கே திரும்பியது. இந்தக் கணக்கில் இரு தரப்புக்கும் நட்டமில்லை.

இரண்டாம் உலகப் போர் மியூராக்கை மாற்றியது. மைல் கணக்கில் நீளும் அந்தத் தட்டையான ஏரிப்படுகை, இயற்கையே அமைத்துக் கொடுத்த ஓடுபாதை. 1942 அக்டோபரில் அமெரிக்காவின் முதல் ஜெட் விமானம் அங்கேதான் ரகசியமாகப் பறந்தது. விமானிகளும் பொறியாளர்களும் வந்து குவிந்தனர். வேலை முடிந்தால் செல்ல அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. பாஞ்சோவின் பண்ணை வீடு அந்த இடமாயிற்று. முதலில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்த மது, பிறகு முறையான மதுக்கூடமாக வளர்ந்தது. உணவகம், தங்கும் அறைகள், குதிரைகள், நீச்சல் குளம், விருந்தினர் வந்திறங்கச் சொந்த ஓடுபாதை என்று பண்ணை விரிந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஹேப்பி பாட்டம் ரைடிங் கிளப்'. குதிரைச் சவாரிக்குப் பின் உட்காருமிடம் நோகாமல் மகிழ்ச்சியாக இருக்கும் சங்கம் என்று பொருள் கொள்ளலாம். வேறு பொருளும் கொள்ளலாம். அந்த வேறு பொருள் பின்னாளில் அவருக்கு எதிராகத் திரும்பியது.

அங்கே வந்தவர்களின் பட்டியல் நீளமானது. டோக்கியோ மீதான முதல் குண்டுவீச்சுக்குத் தலைமை தாங்கிய ஜிம்மி டூலிட்டில் பழைய நண்பர். படைத்தளபதி ஆல்பர்ட் பாய்ட் வருவார். இளம் விமானி சக் யேகர் அந்த வீட்டுப் பிள்ளை போலவே இருந்தார். அலுவலகத்தில் பதவியும் தோள்பட்டைச் சின்னமும் தீர்மானித்த உறவுகளை அந்தக் கூடம் கலைத்துவிட்டது. பாஞ்சோ எவரையும் எப்படியும் திட்டுவார். திட்டு வாங்குவதே அங்கே ஒரு வரவேற்பு. அழகென்று உலகம் வகுத்த எதற்கும் அவர் அடங்கவில்லை. கால்சட்டையும் சுருட்டுமாக, வெயிலில் கருகிய முகத்துடன், தம் தோற்றத்தைத் தாமே கேலி செய்துகொண்டு திரிந்தார்.

1947 அக்டோபரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லாமல் கடக்க இயலவில்லை. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் முயற்சிக்கு இரு நாள்கள் முன்பு, யேகரும் மனைவியும் பாஞ்சோவின் பண்ணையில் உணவருந்திவிட்டு இரவில் குதிரையேறிச் சென்றனர். திரும்பும்போது, திறந்திருந்த வாயிற்கதவு மூடப்பட்டிருந்ததை இருளில் யேகர் காணவில்லை. குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்டு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. தளத்து மருத்துவரிடம் போனால் பறக்க விடமாட்டார்கள் என்பதால் வெளியூர் மருத்துவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டார். எக்ஸ்-1 விமானத்தின் கதவை அடைத்துத் தாழிடக் கையை நீட்ட முடியவில்லை. நண்பர் ஜாக் ரிட்லி ஒரு விளக்குமாற்றுக் கட்டையை அறுத்து நெம்புகோலாகக் கொடுத்தார். அக்டோபர் 14 அன்று அந்தக் கட்டையின் துணையுடன் கதவடைத்துக்கொண்டு பறந்தவர்தாம் ஒலித்தடையை உடைத்தார். ஒலித்தடையை உடைக்கும் விமானிக்குத் தம் கூடத்தில் இலவச ஸ்டேக் விருந்து என்று பாஞ்சோ அறிவித்திருந்தார். அரசு அந்தச் சாதனையை அடுத்த ஆண்டு வரை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை.

இக்கதையின் சுவையில் அந்த இடத்தின் மறுபக்கம் மறைந்துவிடக் கூடாது. புதுப்புது விமானங்களைச் சோதித்த அந்த ஆண்டுகளில் இறப்பு அங்கே அடிக்கடி நிகழ்ந்தது. 1948 ஜூன் மாதம் ஒய்பி-49 என்ற விமானம் நொறுங்கியதில் கிளென் எட்வர்ட்ஸ் உள்பட ஐவர் மாண்டனர். மியூராக் தளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. காலையில் உடன் இருந்தவர் மாலையில் இல்லை என்ற நிலையில், மறுநாள் அதே வகை விமானத்தில் ஏற வேண்டியவர் எங்கே போய் உட்காருவார்? தளத்தின் உணவுக்கூடத்தில் அழ முடியாது. வீட்டில் மனைவியிடம் அச்சத்தைச் சொல்ல முடியாது. தாமும் விமானத்தை மோதிப் பிழைத்தவர் ஒருவர், எதையும் விசாரிக்காமல் கோப்பையை நிரப்பித் தருகிற இடம் அவர்களுக்குத் தேவையாயிருந்தது. விமானவியல் வரலாறுகளில் உந்துவிசை பற்றியும் இறக்கை வடிவம் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இந்தக் கூடம் அவற்றில் வேடிக்கைத் துணுக்காகவே இடம்பெறுகிறது. அது அந்தச் சோதனைத் தளத்தின் உறுப்புகளில் ஒன்று என்பது என் கணிப்பு.

1952இல் தளபதி மாறினார். ராணுவமும் மாறிக்கொண்டிருந்தது. ஏரிப்படுகையில் கூடாரமடித்த காலம் போய், திட்டமிட்ட கட்டடங்களும் குடியிருப்புகளும் வேலிகளும் வந்தன. நீண்ட ஓடுபாதைக்கான திட்டத்தில் பாஞ்சோவின் நிலமும் அடங்கியது. கூடவே, அவர் மதுக்கூடத்தில் பணிபுரிந்த இளம் பெண்களைச் சுட்டி, அது விலைமாதர் விடுதி என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. படையினர் அங்கே செல்லக் கூடாதென்று தடை வந்தது. நேற்றுவரை தளபதிகள் வந்து உணவருந்திய இடம் இன்று ஒழுக்கக்கேட்டின் இருப்பிடமாயிற்று.

நிலத்தைக் கேட்டிருந்தால் பாஞ்சோ ஒருவேளை பேரம் பேசிக் கொடுத்திருப்பார். பெயரையும் சேர்த்து எடுக்க முனைந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. அரசின் மீது வழக்குத் தொடுத்தார். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல், சட்டநூல்களைப் படித்து, நீதிமன்றத்தில் தாமே வாதாடினார். 50 வயதைக் கடந்த ஒரு மதுக்கூட உரிமையாளர், அமெரிக்க விமானப்படையின் அதிகாரிகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1953 நவம்பரில், பண்ணை தீப்பற்றியது. மதுக்கூடமும் வீடும் அவர் வாழ்நாளில் சேர்த்த பொருள்களில் பெரும்பகுதியும் எரிந்துபோயின. தீ எவ்வாறு மூண்டது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இறுதியில் அவருக்கு 4,14,500 டாலர் இழப்பீடு கிடைத்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. வென்றார் என்றுதான் எழுதுகிறார்கள். நிலம் கையகப்படுத்தும் எந்த அரசிடமும் ஏக்கருக்கு ஒரு விலை, கட்டடத்துக்கு ஒரு விலை, கிணற்றுக்கு ஒரு விலை என்று அட்டவணை இருக்கும். மாலையில் நாற்பது பேர் வந்து உட்காருவதற்கு அந்த அட்டவணையில் வரிசை எண் கிடையாது. அந்த நாற்பது பேருக்கும் அது தெரியும். ஆனால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. பாஞ்சோ பெற்ற பணத்தைக் கொண்டு கான்டில் என்ற இடத்தில் புதிதாக நிலம் வாங்கி, மீண்டும் அதே போன்றதொரு கூடத்தை எழுப்ப எண்ணினார். நடக்கவில்லை. பணம் இருந்தது, பாலைவனமும் அதே பாலைவனம். விமானிகள் 30, 40 மைல் தள்ளி இருந்தார்கள்.

பிந்தைய ஆண்டுகள் கடினமானவை. மார்பகப் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டார். நான்காம் கணவருடனான மணவாழ்வும் மணமுறிவில் முடிந்தது. போரான் என்ற சிற்றூரில் ஒரு சிறு வீட்டில், நாய்களுடன், பெரும்பாலும் தனியாக வாழ்ந்தார். சாதனை படைத்த மிஸ்டரி ஷிப் விமானத்தை வறுமைக் காலத்தில் விற்றிருந்தார். 1960களின் இறுதியில் அது ஏலத்துக்கு வந்தபோது தாயும் மகனுமாக அதைத் திரும்பப் பெற்றனர். விமானப்படையின் போக்கிலும் மெல்ல மாற்றம் வந்தது. வழக்காடிய தலைமுறை விலகி, அந்தக் கூடத்தில் இளைஞராய் அமர்ந்திருந்தவர்கள் உயர் பதவிகளுக்கு வந்தபின், எட்வர்ட்ஸ் தளம் அவரை விருந்தினராக அழைத்தது. 1964இல் தளத்தின் முதல் குடிமகள் என்று பாராட்டவும் செய்தது. அவரும் சென்றார். நானாக இருந்தால் போயிருப்பேனா என்று யோசித்ததுண்டு.

1975 வசந்தத்தில் பழைய விமானிகளின் கூடுகை ஒன்றில் அவர் சிறப்புரை ஆற்றுவதாக இருந்தது. அதற்குச் சில நாள்கள் முன்பு, தம் வீட்டில் தனியாக இறந்துகிடந்தது தெரியவந்தது. வயது 73. இறந்து சில நாள்கள் ஆகியிருந்தன. நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தனிமை தெரியாமல் பார்த்துக்கொண்டவரின் முடிவு இப்படி அமைந்ததைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவருடைய சாம்பலைப் பழைய மதுக்கூடம் இருந்த இடத்தில் தூவ மகன் பில் அனுமதி கேட்டார். அது தடைசெய்யப்பட்ட ராணுவ வான்பகுதி. தனியார் விமானம் நுழைய இயலாது. விமானப்படை சிறப்பு அனுமதி அளித்தது. பில் விமானத்தை ஓட்டிச் சென்று, கணப்பும் குளமும் கிடந்த அந்தப் புதர்வெளியின் மீது தாயின் சாம்பலைத் தூவினார். எட்வர்ட்ஸ் தளத்தினர் பின்னர் அதே இடத்தில் கூடி, இறைச்சி வாட்டி உண்டு, அவர் பெயரால் ஒரு நாளைக் கொண்டாடத் தொடங்கினர்.